பத்துக்கு ஒன்பது போட்டுக்கொண்ட மதினிக்கு

என் ராணி மதினி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாய், எனக்குத் தாங்காது. இங்கே நடக்கிறதை நான் சொல்கிறேன், நீ கேட்டுக்கொள். நடுவில் பேசாதே. உயிரோடு இருந்தவரை என்னை ஒரு பேச்சு முழுசாகப் பேசி முடிக்க விட்டதில்லை நீ.

நம்ம சங்கத்து ஆண்டு மலரில் இந்தத் தடவை மறைந்தவர்களுக்கு என்று பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். உன் போட்டோவும் வருகிறது, அந்த நீலப் புடவை போட்டோ. செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். போட்டோவுக்குக் கீழே போட ஒரு வரியும் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "அடக்கத்தின் உருவமாய் வாழ்ந்தவர்." படித்துக் காட்டினார். அண்ணன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து செயலாளர் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். சிரிக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

"யாரைச் சொல்றீங்க சார்?" என்று கேட்டேன்.

"போனவங்களைப் பத்தி நல்லதாத்தானே எழுதணும், சுசீலா?"

"அதுக்காக ஆளையே மாத்திரலாமா?"

அந்த வரி வேண்டாம், நானே ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். அதனால் இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை. மட்டாஞ்சேரித் தமிழ் ஆட்கள் எல்லாரும் படிக்கப்போகிறார்கள். படிக்கட்டும். உனக்குத் தெரிந்த சில விஷயங்களை அவர்களுக்காகத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்.

உன் மகள் வாணி இப்போது டிகிரி இரண்டாம் வருஷம். எர்ணாகுளத்தில் படிக்கிறாள், பாடமும் நம்ம பாடம்தான், எகனாமிக்ஸ். போன மாசம் அவள் வகுப்பில் ஒரு செமினார் கொடுத்தாள். அதற்கு அவளே அவளுக்கு மார்க் போட வேண்டும் என்றார்கள். உன் மகள், மதினி, நீ பெற்ற மகள், பத்துக்கு நாலு போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

கோபம் வருகிறதா? எனக்கும் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் படிக்கிறவர்களுக்கு நீ யார் என்று சொல்லிவிடுகிறேன். டிகிரி வகுப்பில் என் பக்கத்து இடம் உன்னுடையது. உன் அப்பா எர்ணாகுளம் பிராட்வேயில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்தார். ஒரு நாள் நோட்ஸ் வாங்க எங்கள் லைன் வீட்டுக்கு வந்தாய். அண்ணன் சாயா வாங்கிக்கொண்டு வந்தான். அவன் யாருக்காகவும் கடைக்குப் போகிறவன் இல்லை. அடுத்த வருஷம் நீ எனக்கு மதினி ஆகிவிட்டாய். கல்யாணம் ஆனாலும் எம்.ஏ. படிப்பேன் என்று முதலிலேயே சொல்லித்தான் கழுத்தை நீட்டினாய். அதனால் மதினியும் நாத்தனாரும் ஒரே படகுத்துறையில் ஒரே போட்டைப் பிடித்து ஒரே வகுப்புக்குப் போனோம். தெருவே வேடிக்கை பார்த்தது.

நம்ம தெருவின் வழக்கம் தெரியாமலே நீ வாழ்க்கைப்பட்டு வந்தாய். இங்கே யாரும் தன்னுடையதை நல்லது என்று சொல்ல மாட்டார்கள். குழந்தை கொழுகொழு என்று இருந்தால் "எங்க, ஒண்ணும் திங்கறதில்லை" என்பார்கள். மீன் குழம்பை யாராவது புகழ்ந்தால் அம்மா உடனே "உப்பு கூடிப்போச்சு" என்பாள். எல்லாம் கண்ணு பட்டுவிடும் என்ற பயம்தான். நீ வந்த முதல் வாரம், மருமகள் சமையல் எப்படி என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். "ஏதோ வைக்கிறா" என்றாள் அம்மா. நீ அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாய்.

"சாம்பார் சுமார்தான் அத்தை. மீன் குழம்பு நல்லா வந்திருக்கு. நானே ருசி பார்த்தேன்."

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா உப்பும் மிளகாயும் கையில் எடுத்து உனக்குச் சுற்றிப் போட்டாள். நெடி வந்ததா இல்லையா என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது, நினைவிருக்கிறதா?

எம்.ஏ. முதல் வருஷத்தில் பிரதாபன் சார் வந்தார். இளம் வயது, எதையாவது புதிதாகச் செய்துகொண்டே இருப்பார். செமினார் முடிந்ததும் ஆசிரியர் மார்க் போடுவதற்கு முன்னால் மாணவரே எழுந்து நின்று தனக்குப் பத்துக்கு எத்தனை, ஏன் அத்தனை என்று சொல்ல வேண்டும் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். சுயமாக மதிப்பிடுவது என்று அவர் விளக்கியபோது எங்கள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மார்க் என்பது மேலே இருந்து விழுகிற சாமான், நாம் கையை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டியது என்றுதான் அதுவரை பழகியிருந்தோம்.

ஒவ்வொருவராக எழுந்தோம். ஆறு என்றான் ஒருவன். அஞ்சு என்றாள் ஒருத்தி. நானும் அஞ்சு என்றேன். ஏன் அஞ்சு என்று சார் கேட்டார். "சும்மா சார்" என்றேன். வகுப்பு சிரித்தது.

நீ எழுந்தாய். வாணி அப்போது உன் வயிற்றில் அஞ்சு மாசம். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிதானமாக எழுந்து, "ஒன்பது சார்" என்றாய்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று சார் கேட்டார். பஜாரில் மூட்டை சுமக்கிறவர்களின் கூலியைப் பற்றி நீ பேசியிருந்தாய். புத்தகத்தில் கூலி என்று ஒரே சொல்லாக இருப்பதை, எடைக்கு எவ்வளவு, தூரத்துக்கு எவ்வளவு, மழை நாளில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டினேன், அதை வேறு யாரும் செய்யவில்லை, பேச்சையும் கொடுத்த நேரத்துக்குள் முடித்தேன், அதனால் ஒன்பது என்றாய். அத்தோடு விட்டாயா? "ஒரு மார்க் ஏன் குறைச்சேன்னா, கடைசியில கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது சார். தெரியாதுன்னு சொல்லாம ஊகிச்சுச் சொன்னேன். அது தப்பு."

அந்தக் கடைசி வரியைத்தான் நான் இன்றைக்கும் என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒன்பது போட்டுக்கொண்டது பெரிசு இல்லை. அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று உனக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த துறைத் தலைவருக்கு ஒன்பது மட்டும்தான் காதில் விழுந்தது. "குட்டிக்கு அகங்காரம் கொறச்சு கூடுதலாணு" என்று பிரதாபன் சாரிடம் சொன்னார், நமக்குக் கேட்கிற மாதிரியே. பெண்ணுக்குத் திமிர் கொஞ்சம் அதிகம் என்று அர்த்தம். பலகையில் மார்க் வந்தபோது உனக்கு ஆறு. சும்மா அஞ்சு கேட்ட எனக்கும் ஆறு!

நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு துறைத் தலைவர் அறைக்குப் போனாய். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பாதி உள்ளே, பாதி வெளியே.

"சார், மூணு மார்க் எங்க போச்சுன்னு காட்டுங்க. காட்டினீங்கன்னா நானே என் ஒன்பதை அடிச்சுடறேன்."

"மோளே, மார்க் தீருமானிக்கிறது ஞங்ஙள்."

"முடிவு பண்ணுங்க சார். வேண்டாம்னு சொல்லலையே. காரணம் கேக்கறேன்."

அவர் காரணம் சொல்லவில்லை. பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். நீ கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாய். போட்டில் நீ அழுவாய் என்று நான் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். நீ கடலைப் பொட்டலம் வாங்கிப் பிரித்துக்கொண்டு, "அவரு ஆறு போட்டா அது அவரு கணக்கு. என் கணக்குல ஒன்பதுதான்" என்று சொல்லிவிட்டுத் தின்ன ஆரம்பித்தாய். எனக்குப் பாதிகூடத் தரவில்லை.

படிப்பு முடிந்து தோப்பும்படிப் பக்கம் ஒரு பாரலல் காலேஜில் வேலைக்குச் சேர்ந்தாய். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், பெரிய காலேஜில் இடம் கிடைக்காதவர்கள் வந்து படித்துப் பரீட்சை எழுதுகிற இடம் அது. அங்கே வருகிற பிள்ளைகள் வரும்போதே தோற்றுப்போன முகத்தோடு வருவார்கள். நீ விடைத்தாளைத் திருத்தாமலே திருப்பிக் கொடுப்பாய். அவர்கள் பென்சிலால் தங்கள் மார்க்கைப் போட்டு, காரணமும் எழுதித் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் உன் பேனா. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் அதிகம் இருந்தால் கீழே சாயாக்கடைக்குக் கூட்டிப்போய் உட்கார்ந்து சண்டை போடுவாய்.

பத்துக்குப் பத்து போட்டுக்கொண்ட ஒரு பையன், நீ கேட்ட கேள்விகளுக்குப் பிறகு அவனே அதை இரண்டாக்கினான். அவன் மேல் உனக்குக் கோபம் வந்ததே இல்லை. இரண்டு போட்டுக்கொண்ட பெண்பிள்ளைகள் மேல்தான் வரும். "கூட்டிப் போட்டா மட்டும்தான் பொய்யா? குறைச்சுப் போட்டாலும் பொய்தான்" என்று மேஜையைத் தட்டுவாய். நானும் அங்கேயே வேலைக்கு வந்த பிறகு இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்த மழைக்காலம்.

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மழையும் கடல் பொங்குகிற வேலியேற்றமும் சேர்ந்து வந்தால் நம்ம தெருவில் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். கடல் ஏறும், காயல் ஏறும், சாக்கடை எதிர்த்துக்கொண்டு வீட்டுக்குள் வரும். அண்ணனுக்குக் கார்ப்பரேஷன் வேலை, சாக்கடை சுத்தம் பண்ணுகிற பிரிவு. அந்த வாரம் முழுக்க அவன் வீட்டுக்கு வரவில்லை, ஊர் முழுக்க அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தான். நீ முழங்கால் தண்ணீரில் நின்று வீட்டுச் சாமானை மேலே ஏற்றினாய். காலில் ஒரு சின்ன வெட்டுக்காயம் இருந்தது. எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

வார்டில் டாக்டர் ஒவ்வொரு கட்டிலாக வந்து "குறைவுண்டோ?" என்று கேட்பார். குணம் தெரிகிறதா என்று அர்த்தம். எல்லாரும் "குறைவுண்டு" என்று சொல்வார்கள். மூச்சு வாங்குகிறவர்கள்கூட அதைத்தான் சொல்வார்கள், டாக்டர் மனசு நோகக்கூடாதே என்று. உன்னிடம் கேட்டார். "இல்ல டாக்டர். நேத்தைவிட மோசம். இடுப்பு விட்டுப்போச்சு, மூத்திரம் போகலை" என்றாய். அவர் நின்றார். உடனே உன்னை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். போதவில்லை, மதினி. வாணி அப்போது நாலாம் கிளாஸ்.

இன்றைக்கும் மழை பிடித்தால் எனக்கு உன் மேல் கோபம் வரும். சாமான் போனால் போகட்டும் என்று விட்டிருக்கக் கூடாதா? அந்தப் பழைய பெட்டியைத் தூக்கி மேலே வைத்து யாருக்கு என்ன ஆச்சு?

இப்போது வாணி விஷயத்துக்கு வருகிறேன்.

காலேஜில் முறையெல்லாம் மாறிவிட்டது. வருஷக் கடைசிப் பரீட்சை மட்டும் போதாது, வகுப்பில் செய்கிற வேலைக்கும் மார்க் உண்டு, அது கடைசி கிரேடில் சேரும். எம்.ஏ. சீட் கிடைக்குமா கிடைக்காதா என்பதே சில சமயம் அதில் போய் நிற்கும். வாணியின் வகுப்பில் ஷைலஜா மிஸ் என்று ஒருத்தர். அவர், மாணவர்களே முதலில் மார்க் போடட்டும் என்கிறார். உன் பிரதாபன் சார் தனியாகச் செய்ததை இப்போது பெரிய பேர் வைத்து எல்லாரும் செய்கிறார்கள். கேட்டபோது எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. காலம் உன் பக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

வாணி பேசியது தண்ணீர் லாரியைப் பற்றி. குழாயில் தண்ணீர் வராத நாளில் லாரிக்காகக் காத்திருக்கிற நேரத்துக்கு விலை போட்டால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வரும் என்பதுதான் விஷயம். பஜாரில் கூலி கணக்குக் கேட்டவளின் மகள் வேறு எப்படி இருப்பாள்? வகுப்பு கை தட்டியது என்று அவள் கூட்டாளி ஷைனி எனக்குச் சொன்னாள். வேறு வகுப்புப் பிள்ளைகள் வாசலில் நின்று கேட்டார்களாம். அந்தப் பேச்சுக்குத்தான் நாலு.

வீட்டில் அவளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"ஏன்டி நாலு?"

"சும்மா அத்தை."

என்னுடைய "சும்மா" எனக்கே திரும்பி வந்தது. விடவில்லை. "நல்லா இருந்துச்சா இல்லையா? அதைச் சொல்லு முதல்ல."

"நல்லா இருந்நு."

"அப்ப ஏன் எழுதலை?"

தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே சொன்னாள். "எழுதினா அம்மைக்குப் பற்றினது எனக்கும் பற்றும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அம்மாவுக்கு நேர்ந்தது தனக்கும் நேருமாம். உனக்கு என்ன நேர்ந்தது? அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. சின்ன வயசில் அம்மா ஏன் செத்தாள் என்று அவள் கேட்டிருக்கிறாள். நம்ம அம்மா சொல்லியிருக்கிறாள், உங்க அம்மா நிறை வயித்தோட நாலு பேர் முன்னாடி நின்னு தன்னைத்தானே புகழ்ந்தா, அந்தக் கண்ணுதான் என்று. ஒன்பது போட்ட கதையை வாணி அப்படித்தான் கேட்டிருக்கிறாள், மதினி. நீ ஜெயித்த கதையாக இல்லை. நீ செத்ததற்குக் காரணமாக.

இத்தனை வருஷம் அந்தப் பிள்ளை நல்லா இருக்கிறது என்று ஒன்றையும் வாயால் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடக்கமான பெண் என்று தெருவே மெச்சியது.

நேரே அம்மாவிடம் போனேன். சண்டைதான். "காய்ச்சல் வந்து செத்தவளை வாய்க்கொழுப்புல செத்தான்னு சொல்லி வச்சிருக்கியே, உனக்கே நல்லா இருக்கா?" என்று கத்தினேன். அம்மா பதிலுக்குக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிந்துகொண்டிருந்த கப்பைக் கிழங்கைக் கீழே வைத்தாள்.

"வேற என்னத்தைச் சொல்லச் சொல்றே? நாலாங்கிளாஸ் பிள்ளை கேக்குது. சாக்கடைத் தண்ணின்னு சொன்னா, அவ அப்பன் என்ன வேலை பார்க்கான்னு அதுக்குத் தெரியாதா? அப்பாதான் சரியா சுத்தம் பண்ணலைன்னு நினைச்சிராதா? அவன் மூஞ்சில முழிக்குமா அப்புறம்?"

மகனைக் காப்பாற்ற மருமகளைப் பலி கொடுத்திருக்கிறாள், பேத்திக்கு அப்பனாவது மிஞ்சட்டும் என்று. கடலும் மழையும் சேர்ந்து வந்தால் எந்த மனுஷன் கைக்கும் அடங்காது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. அவள் மேல் எனக்குப் பரிதாபம் இருக்கிறது. ஆனாலும் இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வாணியைக் கூப்பிட்டேன். அம்மா முன்னாலேயே சொன்னேன். உங்க அம்மா ஒன்பது போட்டதுக்கும் செத்ததுக்கும் நடுவில நீ பிறந்தே, நடக்கப் படிச்சே, ஸ்கூலுக்குப் போனே. கண்ணு இத்தனை வருஷம் போட்டுக்குக் காத்துக்கிட்டு நின்னுச்சா? உங்க அப்பா மேலயும் தப்பு இல்லை, உங்க அம்மா வாய் மேலயும் தப்பு இல்லை. அது காய்ச்சல். ஆஸ்பத்திரியில டாக்டர் கிட்ட உள்ளதைச் சொன்ன ஒரே ஆள் உங்க அம்மாதான் என்று அந்த வார்டில் நடந்ததையும் சொன்னேன். அதை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அண்ணன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான் போல. உள்ளே வராமல் அப்படியே தெருவுக்கு இறங்கிப் போய்விட்டான்.

அடுத்த நாள் நானும் வாணியும் போட்டில் போனோம். ஷைலஜா மிஸ் நல்ல மாதிரிதான். களைத்துப்போயிருந்தார்.

"அவள் போட்ட மார்க்தானே டீச்சர்? சுயமாப் போடறதுன்னா அவ சொல்றதைத்தானே எடுக்கணும்?" என்றார் என்னிடம்.

"பத்து போட்டவங்களைக் கூப்பிட்டுக் கேட்டீங்களா மிஸ்?"

"கேட்டேன். ரெண்டு பேருக்குக் குறைச்சேன்."

"நாலு போட்டவளைக் கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

மிஸ் மார்க் நோட்டைப் புரட்டினார். கேட்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. எங்கேயும் இதுதான் நடக்கிறது, மதினி. கூட்டிப் போடுகிறவனைச் சந்தேகப்படுவார்கள். குறைத்துப் போடுகிறவளை நல்ல பிள்ளை என்று சொல்லி அப்படியே எழுதிக்கொள்வார்கள். அப்புறம் யார் மேலே வருகிறார்கள், யார் கீழேயே கிடக்கிறார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமா படவேண்டும்? என்னைக் கேட்டால், பிள்ளைகளே மார்க் போடுவது அருமையான காரியம்தான். ஆனால் வாயைத் திறக்கப் பயந்து வளர்ந்த பிள்ளை கையில் பென்சிலை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் அது மதிப்பீடு இல்லை, கைகழுவல். பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். நீ கேட்டாய்.

மிஸ்தான் எங்களைத் துறைத் தலைவரிடம் கூட்டிப் போனார். இவர் வேறு ஆள், வேறு காலேஜ். நாற்காலி மட்டும் அதேதான் என்று எனக்குத் தோன்றியது. மார்க் எழுதியாயிற்று, இனி மாற்ற முடியாது, மாணவி தானே போட்டுக்கொண்டது என்றார். நான் வாயைத் திறந்தேன். வாணி என் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"சார், நான் போட்டது நுண. பொய் சார். நான் திரும்பப் போடறேன். எட்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எட்டோ?"

"எட்டு சார். காத்திருக்கிற நேரத்துக்கு விலை போட்டது என் சொந்த யோசனை. எட்டு தெருவுல போய்க் கேட்டேன். வந்த கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன்." நிறுத்தினாள். "ரெண்டு ஏன் குறைச்சேன்னா, வீட்டுக்கு வீடு நான் கேட்டது ஆம்பிளைங்க கிட்ட. லாரிக்கு நிக்கிறது பொம்பளைங்க. அவங்க சொல்ற நேரம் வேறயா இருக்கும். அது என் செமினார்ல இல்லை."

இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, மதினி. உன் மேல் ஆணையாகச் சொல்கிறேன். குறைந்த மார்க் எங்கே போனது என்று சொல்கிற அந்தப் புத்தி அவளுக்குத் தானாக வந்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பியதுபோலத்தான், ஆனால் நான் சிரிக்கவில்லை.

பார்க்கலாம் என்றார் அவர். ஷைலஜா மிஸ் அங்கேயே உட்கார்ந்து, தான் கேட்காமல் விட்டது தன் பிழை, மார்க்கைத் திருத்த வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காலத்தில் உனக்கு அப்படி ஒருத்தர் இருந்திருக்கலாம். பிரதாபன் சார் நல்லவர், ஆனால் அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. இப்போது காகிதம் பிரின்சிபால் மேஜையில் இருக்கிறது. எட்டு ஆகலாம். நாலாகவே கிடக்கலாம். கிடந்தால் மறுபடியும் போவோம்.

திரும்பி வரும்போது போட்டில் வாணி கடலை வாங்கினாள். எனக்குப் பாதி தந்தாள். இந்த ஒரு விஷயத்தில் அவள் உன்னை மாதிரி இல்லை, அதற்கு நான் நன்றி சொல்கிறேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். உன் சமையலை விசாரித்த அதே அக்கா. பேத்தி எப்படிப் படிக்கிறாள் என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா வழக்கம்போல "ஏதோ..." என்று ஆரம்பித்தாள். அப்புறம் நிறுத்தி, வாணியைப் பார்த்தாள், சுவரில் உன் போட்டோவைப் பார்த்தாள்.

"நல்லா படிக்கிறா" என்றாள். சொல்லிவிட்டு உடனே எழுந்து உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரே நாளில் மாறிவிட முடியுமா?

"எனக்கு வேண்டாம் ஆச்சி" என்றாள் வாணி.

அம்மா கையை மூடிக்கொண்டாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். அந்த மிளகாய் அன்றைக்கு ராத்திரி மீன் குழம்பில் கிடந்தது. அண்ணன் சாப்பிட்டுவிட்டு, குழம்பு நன்றாக இருக்கிறது என்றான். உப்பு கூடிப்போச்சு என்று யாரும் சொல்லவில்லை. அம்மா இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

வாணிக்கு மலையாளம் எழுத வருகிற மாதிரி தமிழ் வராது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் இந்தக் கடிதத்தை மலருக்குக் கொடுப்பதற்கு முன் நானே அவளுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். உன் கதையை இந்த வீட்டில் இனி யார் சொன்னாலும் ஒன்பது என்று உரக்கச் சொல்ல வேண்டும். நீ செத்ததற்கு உன் வாய் காரணம் என்று யாராவது சொன்னால், அது என்னைப் பெற்றவளாகவே இருந்தாலும், நான் சும்மா இருக்க மாட்டேன். இது சத்தியம். பாரலல் காலேஜில் குறைத்துப் போட்டுக்கொண்டு வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் சாயாக்கடையில் உட்கார வைத்து நான் சண்டை போடுவேன். அதுவும் சத்தியம்.

செயலாளருக்கு உன் போட்டோவின் கீழே போட ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டேன். "தன் மார்க்கைத் தானே போட்டவர்." அவர் முகம் சுளித்தார். போடவில்லையென்றால் போட்டோவைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். போடுகிறார்.

இந்தக் கடிதத்துக்கு எனக்கு நானே எட்டு போட்டுக்கொள்கிறேன், மதினி. ஒரு மார்க், நீ இருக்கும்போதே இதையெல்லாம் உன்னிடம் சொல்லாததற்குப் போச்சு. இன்னொன்று எங்கே போச்சு என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே எழுதுகிறேன், ஊகித்துச் சொல்ல மாட்டேன்.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டு நின்ற கதவு நிலையை இப்போது முழுசாகத் தாண்டி உள்ளே வந்து நிற்கிற,
உன் நாத்தனார்
சுசீலா